பச்சைமலையின் இரு சரிவுகள்: தமிழகத்தில் மது உரிமங்களின் வரலாறு

மதுவை விற்பதற்கும் பரிமாறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு தமிழகத்தில் இரண்டு நூற்றாண்டுகளாக வேரூன்றி நிற்கிறது. இந்த நீண்ட காலத்தில் குத்தகைச் சீட்டு, மரத்தின் மேல் பொறித்த எண், கடையின் உரிமம், குடிப்பவருக்கான பெர்மிட் எனப் பல வகை ஆவணங்கள் தோன்றின. அவற்றுள் சில மறைந்தும் போயின. ஆயினும் குவளையை நிரப்பித் தரும் பணியாளர், யாருக்குத் தரலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முறையாகக் கற்றவரா என்று கேட்கும் சான்றிதழ் மட்டும் இந்த வரிசையில் இடம்பெறவே இல்லை. அனுமதி என்பது கடைக்கும் மரத்துக்கும் நிலப்பரப்புக்கும் உரியதாகவே வளர்ந்து, கொடுக்கும் மனிதரின் அறிவைத் தொடாமல் விட்ட வரலாற்றைப் பச்சைமலையை நடுவில் வைத்துப் பார்க்கும்போது தெளிவாக விளங்கிக்கொள்ளலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையான பச்சைமலை, இன்றைய திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களுக்கு இடையே பரவிக் கிடக்கிறது. தெற்குப் பகுதி துறையூர் வட்டத்தைச் சேர்ந்தது. வடமேற்குச் சரிவு கெங்கவல்லி, ஆத்தூர்ப் பக்கம் இறங்குகிறது. இங்கு வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். கேரள மக்களோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் பழங்கதை. நாடு என்னும் பிரிவுகளாக ஊர்களைத் தொகுத்துக்கொண்ட இம்மக்களின் உறவுமுறைக்கு மாவட்ட எல்லை பொருட்டன்று. ஆனால் மதுச் சட்டம் அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டே நடந்தது.

கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது திருச்சிராப்பள்ளியும் அதனுடன் சேர்ந்தது. கள், சாராயம் ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரியும் அதன் நிர்வாகமும் ஆப்காரி எனப்பட்டன. தொடக்கத்தில் ஒரு வட்டாரத்தில் காய்ச்சவும் விற்கவும் உள்ள முழு உரிமையையும் ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகையாக விடுவதே வழக்கமாக இருந்தது. குத்தகைதாரரிடம் அரசு எதிர்பார்த்த முதன்மையான தகுதி, தவணை தவறாமல் பணம் கட்டும் வலிமை. கட்டிய தொகையை அவர் மீட்க வேண்டுமானால் விற்பனை பெருக வேண்டும். எனவே குடிப்பவரை ஓரிடத்தில் நிறுத்துவது அவருடைய நலனுக்கே எதிரானதாக அமைந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இந்த நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியது. உற்பத்தி உரிமையும் விற்பனை உரிமையும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டன. ஆயினும் கடையை ஏலத்தில் எடுத்தவரே உரிமம் பெற்றவர் என்ற அடிப்படை மாறவில்லை.

அளப்பதில் மட்டும் அந்த நிர்வாகம் மிகுந்த நுட்பம் காட்டியது. கள்ளுக்கு மரவரி முறை வந்தபோது, பாளை சீவப்படும் ஒவ்வொரு பனைக்கும் தென்னைக்கும் ஈச்ச மரத்துக்கும் தனித்தனியே வரி செலுத்தி, மரத்தில் எண் இட வேண்டியிருந்தது. சாராயத்தின் வலு, திரவமானி என்னும் மிதவைக் கருவியால் அளக்கப்பட்டு, ‘புரூஃப்’ என்னும் ஆங்கிலேய அளவையில் குறிக்கப்பட்டது. கன அளவில் ஏறத்தாழ 57.1 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திரவமே அந்த அளவையில் முழு நிலை. இன்று கடைகளில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் குப்பிகளின் மேல் 42.8 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருப்பதற்கும் அந்தப் பழைய அளவையே காரணம், 57.1-ல் முக்கால் பங்கு 42.8. குடியேற்ற ஆட்சி வகுத்த அளவு குப்பியில் இவ்வாறு நிலைத்தது. குடித்தவரின் நிலையை எப்படிக் கணிப்பது என்ற பாடம் கடையில் நிற்பவருக்குக் கற்றுத்தரப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் இயக்கம் ஆப்காரி வருமானத்தின் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. ஈ.வெ. ராமசாமி தம் குடும்பத்துக்கு உரிய தென்னை மரங்களை வெட்டச் செய்ததும், அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியதும் 1921-ஆம் ஆண்டின் நிகழ்வுகள். திருச்செங்கோட்டுக்கு அருகே 1925-ல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய சி. ராஜகோபாலாச்சாரி, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென ‘விமோசனம்’ என்ற இதழையும் நடத்தினார். 1937-ல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

பச்சைமலைக்கு இதனால் நேர்ந்த நிலை தனித்தன்மை உடையது. மலையின் ஒரு சரிவு சேலம் மாவட்டத்தில் இருந்ததால் அங்கு கள்ளும் சாராயமும் குற்றமாயின; திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு உரிய சரிவில் பழைய ஆப்காரி முறையே நீடித்தது. ஒரே இனத்தாராக, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த மக்களுக்கு இரண்டு சட்டங்கள் அமைந்தன. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியின்போது மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் கட்டம் கட்டமாக விரிவுபடுத்தப்பட்டு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்த பிறகு இத்தகைய வேறுபாட்டுக்கு இடம் இல்லாமற்போயிற்று. ஒரே செயல், நின்ற இடத்தைப் பொறுத்துக் குற்றமாகவும் உரிமையாகவும் ஆகக்கூடும் என்பதை மலைமக்கள் கண்முன் கண்டனர். அளவறிதலும் நிறுத்தலும் மனிதரின் கடமை என்ற எண்ணம் இத்தகைய ஏற்பாட்டில் வளர வழியில்லை.

இருப்பினும் அந்த மதுவிலக்குக் காலத்தில்தான், உழைப்பவரின் கைத்திறனோடு நேரடியாகப் பிணைந்த ஓர் அனுமதி உருவானது. புளிக்காத பதநீரை இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதற்குப் பனையேறிகளுக்கு உரிமம் தரப்பட்டது. அதன் இன்றியமையாத நிபந்தனை, பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டும் என்பது. பாளையிலிருந்து சொட்டும் சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நொதித்தலைத் தடுத்துச் சாற்றை இனிப்பாகவே வைத்திருக்கும். பூச்சு குறைந்தால் பதநீர் கள்ளாகும், மிகுந்தால் சுவை கெடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவி, சுண்ணாம்பைக் கரைத்து, அளவோடு பூசி ஏற்றும் பழக்கம் பனையேறியின் பொறுப்பாயிற்று. பொருளைக் கையாளுபவரின் கவனத்தையே அனுமதியின் அளவுகோலாக வைக்க முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே கிடைக்கும் சிறந்த முன்மாதிரி இது.

குடிப்பவருக்கான பெர்மிட்டும் அதே காலத்தில் நடைமுறையில் இருந்தது. உடல்நலக் காரணம் காட்டி மருத்துவச் சான்று பெற்றவர்களும் வெளிநாட்டவரும் குறிப்பிட்ட அளவு மதுவை வாங்கலாம் என்ற அந்த அனுமதி, அலுவலகத்தையும் மருத்துவரையும் அணுகும் வசதி உள்ளவர்களுக்கே எட்டியது. பின்னர் 1971 ஆகஸ்ட் 30 அன்று மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973-ல் கள்ளுக்கடைகளும் 1974-ல் சாராயக் கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி. ராமச்சந்திரன் அரசு விலக்கைத் தளர்த்தியபோது வகுக்கப்பட்ட உரிமம், பெர்மிட் விதிகளில், மன்றங்களுக்கு எஃப்.எல்.2 என்றும் நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3 என்றும் பரிமாறும் உரிமங்கள் பகுக்கப்பட்டன. 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமையாகி, மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்ற பெயர்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பணியில் அமர்த்தப்பட்டனர். கடைக்காரர் என்ற இடத்தில் அரசே வந்து நின்றதால், பணியாளர் பயிற்சியை ஒரே ஆணையில் மாநிலம் முழுவதும் கொண்டுசெல்லும் வாய்ப்பு அப்போதே பிறந்தது.

இன்றைய விதிகளைத் தொகுத்து நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை இடத்தையும் நேரத்தையும் பற்றியவை. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளிக் கடை இருக்க வேண்டும். நண்பகல் 12 முதல் இரவு 10 மணி வரை விற்பனை நடைபெறும்; காந்தி பிறந்த நாள், வள்ளலார் நினைவு நாள் போன்ற நாள்களில் கடைகள் மூடப்படும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் அளித்த தீர்ப்பால் தமிழகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்ற விதி பணியாளரின் கணிப்பை நேரடியாக நாடுகிறது.

வயதை அறிவதோடு நில்லாமல் குடித்தவரின் நிலையையும் கணிக்க எவ்வளவு அறிவு தேவை என்பதை, குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர் குப்பி ஒன்றே காட்டும். 42.8 விழுக்காட்டு வலுவுள்ள அக்குப்பியில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால் அது ஆறு அலகு. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அலகையே எரிக்க வல்லது என்பதால், ஒரு குப்பி உடலைவிட்டு நீங்க ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் உள்ளவர் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியிருக்க, அந்த வரம்பு குப்பியின் எந்தப் பகுதியிலேயே கடக்கப்படுகிறது என்பதைப் பரிமாறுபவர் அறிந்திருப்பது உயிர்காக்கும் அறிவு.

பிற நாடுகள் சில இந்த அறிவைச் சட்டத்தின் பகுதியாக்கியுள்ளன. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 1980-களின் நடுவில் மது பரிமாறுவோர் அனைவருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அடையாள அட்டையைச் சரிபார்த்தல், பரிமாறிய அளவை எண்ணி வைத்தல், உணவும் தண்ணீரும் தந்து வேகத்தைக் குறைத்தல், போதை ஏறியவரிடம் மரியாதை குன்றாமல் மறுத்தல், அவர் வீடு சேர வண்டி ஏற்பாடு செய்தல் ஆகியவையே இத்தகைய பயிற்சிகளின் பாடங்கள். ஹோல்டர், வாகனார் ஆகிய ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, அங்கு இரவில் தனி வாகனம் சிக்கும் விபத்துகள் சில ஆண்டுகளில் 23 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தது. ஆஸ்திரேலியாவிலும் மதுக்கூடத்தில் பணிபுரிவோர் பொதுவாக இத்தகைய சான்றிதழைப் பெற வேண்டும்.

இந்தியச் சட்டமும் பரிமாறுபவரை அறவே மறந்துவிடவில்லை. மறந்தது அவருடைய திறனை. 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம் பெண்களும் 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களும் மதுக்கூடங்களில் பணிபுரியத் தடைவிதித்திருந்தது; பெண்கள் மீதான அந்தத் தடை செல்லாது என்பதை அனுஜ் கர்க் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உணவுத் துறையில் பயிற்சிச் சான்று புதிதும் அன்று: உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் திட்டம், உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற இலக்கைக் கொண்டது. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் மாநில ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் இயங்குகிறது. பாடம் சொல்லித்தரும் இடம் இருக்கிறது, சான்றிதழ் வழங்கும் மரபும் இருக்கிறது. டாஸ்மாக் கடைக்கும் அதையொட்டிய பாருக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் பொதுவாக அதைக் கட்டாயமாக்கும் விதிதான் இன்னும் இல்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வகுக்கப்பட்டது. பச்சைமலைக்கு வடக்கே நிற்கும் கல்வராயன் மலையின் பெயர் அப்போது பேசப்பட்டதைத் தொடர்ந்து, சாராய ஊறல்களைத் தேடும் சோதனைகளுக்கு மலைவாழ் மக்கள் மீண்டும் ஆளாயினர். ஊறலை அழிப்பது இன்றியமையாத பணிதான். ஆனால் தண்டனையாலும் தொலைவு விதியாலும் மட்டுமே மதுவை ஆளும் முறை, இரண்டு நூற்றாண்டுகளாகத் தொட்டுப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: பரிமாறுபவரின் அறிவு. மரத்துக்கு எண் இட்டு, கலயத்தின் சுண்ணாம்பையும் சோதித்த அரசுக்கு, பரிமாறும் தொழிலாளிக்குக் கல்வியும், மறுத்ததற்காக வேலை போகாது என்ற பாதுகாப்பும் சேர்த்து அளிக்கும் சான்றிதழை வழங்குவது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. துறையூர்ப் பக்கமும் ஆத்தூர்ப் பக்கமும் இறங்கி வந்து ஓட்டல் வேலையில் சேரும் மலைப்பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு தொழில் தகுதியாகவும் அமையும். அதன் பயன் மலையின் இரு சரிவுகளுக்கும் ஒரே சட்டமாகச் சென்று சேரும்.