நான்கு பொம்மைகளும் ஒரு தீர்ப்பும்

மனிதன் தன்னைப் பற்றி உள்ளத்தில் கொண்டிருக்கும் கருத்தே அவன் செயலுக்கு வித்தாகிறது என்பர் உளவியலார். அக்கருத்து பிறவியிலே வருவதா, சமுதாயம் ஊட்டுவதா? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் அமெரிக்கக் கறுப்பினத் தம்பதியரான கென்னத் கிளார்க், மாமி கிளார்க் ஆகியோர் குறிப்பிடத்தக்கோர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக் கழகத்திலேயே இவ்விருவரும் பின்னாளில் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றனர்.

அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகள் தனிப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டிருந்தனர். 1947இல் வெளியான கிளார்க் தம்பதியரின் ஆய்வில், 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகள் காட்டப்பட்டன. இரண்டு பழுப்பு நிறத்தன. இரண்டு வெள்ளை நிறத்தன. தோலும் முடியும் கொண்ட நிறமன்றி வேறுபாடு ஏதுமில்லை. விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையை விரும்பியோர் 67 விழுக்காட்டினர். பழுப்புப் பொம்மையே கெட்டது என்றோர் 59 விழுக்காட்டினர். பின்னர், உன்னைப் போன்றது எது என வினவியபோது, சில குழந்தைகள் அழுதவாறே வெளியே ஓடினர்.

1954 மே 17 அன்று, பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. வட மாநிலத்தில் வெள்ளையரோடு ஒரே பள்ளியில் பயின்ற கறுப்பினக் குழந்தைகளிடமும் வெள்ளைப் பொம்மை மீதான விருப்பம் குறையவில்லை. சற்று மிகுந்தே காணப்பட்டது. ஒரே கூரையின் கீழ் அமர்த்துவது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசச் சிற்றூர் மாணவரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. சாதி அறிவிக்கப்படாதபோது, புதிர்வழிப் படங்களுக்கு விடை காண்பதில் இரு சாராரும் ஏறத்தாழ நிகராயிருந்தனர். பலர் முன்னிலையில் சாதி அறிவிக்கப்பட்டதும் தாழ்த்தப்பட்ட மாணவரின் திறன் சரிந்தது. அவர்தம் அறிவு ஒரு நொடியில் குன்றிவிடவில்லை. நியாயம் கிட்டும் என்னும் நம்பிக்கையே குன்றிற்று என ஆய்வாளர் கருதினர்.

இளைஞர்களே! பாடம் கற்பிப்பது நம் பணியில் ஒரு பாதியே. நம் குழந்தை தன்னைத் தாழ்வாக எண்ணுமாறு செய்யும் சொல்லையும் செயலையும், அவை வகுப்பறையில் எழினும் வீட்டில் எழினும், அங்கேயே தடுத்து நிறுத்துவது மறு பாதியாகும்.