தேய்க்கப்பட்ட தழும்பு

மாடிப்படிக் கைப்பிடியில் வெல்டிங் தழும்பைக் கிரைண்டரால் தேய்த்து மறைத்தால்தான் ‘நல்ல வேலை’. உழைத்த கையின் தடயம் அழிவதையே நேர்த்தி என்கிறோம். வரலாறும் அப்படித்தான். 1693இல் லண்டனில் இரும்பு வேலை வரைபடங்களைப் புத்தகமாகப் போட்ட கொல்லர் ழான் டிஜூவின் பெயர் நின்றது. அவரோடு சம்மட்டி அடித்தவங்க யாருக்கு ஞாபகம்? 19ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோவின் மெக்ஃபர்லேன் வார்ப்படச்சாலை, எண் போட்ட கேட்டலாக் வைத்து வார்ப்பிரும்பு வேலைப்பாடுகளைக் காலனிகளுக்கு விற்றது. 1893இல் பிரஸ்ஸல்ஸ் தாசெல் இல்லத்தில் கொடிபோல் நெளியும் படிக்கம்பிகளை, கட்டடக்கலைஞர் விக்தோர் ஓர்த்தாவின் கோடாகவே வாசிக்கிறோம்.

ஆனால் எந்த இரண்டு படிக்கட்டும் ஒண்ணு கிடையாது. சரிவை நேரில் வந்து அளந்தே ஆகணும். கேட்டலாக்கால் எண்ணிட முடியாத அந்தப் பிசகில்தான் கொல்லர் பிழைத்திருக்கிறார், எங்க தெரு வெல்டிங் பட்டறையிலும். படியேறும்போது நான் தேடித் தடவுவது அந்தத் தேய்த்த இடத்தைத்தான்.