மாணவர்களும் ஏஐ-யும்: தெரிந்திருக்க வேண்டிய நெறிகள்

ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு, பள்ளிக் கட்டுரையை நொடியில் எழுதித் தந்துவிடும். அது சரியா என்று பார்க்க வேண்டியது மாணவரின் பொறுப்பு.

அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே ஏஐ எழுதுகிறது. அதனால் இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லிவிடும். ஆங்கிலத்தைவிட இணையத்தில் தமிழ் எழுத்துகள் மிகக் குறைவு என்பதால், தமிழில் கேட்கும்போது கூடுதல் கவனம் தேவை.

மாணவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் மூன்று:

• பதிலைப் பாடநூலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.
• ஏஐ-யின் உதவியை ஆசிரியரிடம் மறைக்கக் கூடாது.
• அடையாள அட்டை எண்ணையும் நண்பர்களின் படங்களையும் பதிவேற்றக் கூடாது.

மலேசியாவில் 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘ஏஐ உந்தோக் ரக்யாட்’ எனும் இலவச இணையப் பயிற்சி, மலாய், ஆங்கிலம், சீனத்துடன் தமிழிலும் வழங்கப்படுகிறது. மொத்தம் சுமார் 4 மணி நேரம். பிள்ளைகளுடன் பெற்றோரும் அமர்ந்து படித்தால், வீட்டிலேயே கேட்டுத் தெளியலாம்.