சாக்கு தேடிய உணர்ச்சி: ஸ்பாக்கின் அகவாழ்வு உருவான விதம், 1964–1979

உணர்ச்சியற்றவர் என்று உலகெங்கும் பெயரெடுத்த மிஸ்டர் ஸ்பாக், தாம் தோன்றிய முதல் படத்தில் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்கப்பல் தொடருக்காக ஜீன் ராடன்பெரி 1964 இறுதியில் எடுத்த ‘தி கேஜ்’ என்ற வெள்ளோட்டப் படம் அது. வேற்றுக் கிரகத்தில் நீல இலைகள் அதிர்ந்து இசை எழுப்புகின்றன. ஸ்பாக் ஓர் இலையைப் பிடித்ததும் ஓசை அடங்குகிறது. அதில் அவருக்கு அப்படியொரு குதூகலம். பிறகு, உடன் வரவேண்டிய பெண் அதிகாரிகள் கண்ணெதிரே மறைந்துபோனதும் பதறிக் கத்தவும் செய்கிறார்.

அந்தப் படத்தில் சலனமற்ற முகம் வேறொருவருக்குரியது. மேஜல் பாரட் நடித்த ‘நம்பர் ஒன்’ என்ற பெண் அதிகாரிதான் அங்கே அறிவின் உருவம். என்.பி.சி. தொலைக்காட்சி அந்தப் படத்தை ஏற்காமல் இரண்டாவது வெள்ளோட்டம் கேட்டது. நம்பர் ஒன் நீக்கப்பட்டார். அதற்கு ராடன்பெரி சொன்ன காரணம் ஒன்று, நிலையத்தார் பின்னாளில் சொன்னது வேறொன்று. எப்படியோ, அவளுடைய நிதானம் ஸ்பாக்குக்குக் கைமாறியது. ஆகவே, ஒரே படைப்பாளியின் முன்திட்டத்திலிருந்து முழுதாக இறங்கிவந்த பாத்திரமாக ஸ்பாக்கைப் படிப்பது பிழை. அவருடைய மௌனம் கடன் வாங்கியது. அந்த மௌனத்துக்குள் ஒரு மனம் இருக்கிறது என்பது அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கண்டெடுப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்பாக் உணர்ச்சிவசப்பட வெளியிலிருந்து ஒரு சாக்கு தேவைப்பட்டது. பிறகு சாக்கு மெல்லக் கழன்றது.

1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அந்த முகம் ஓரளவு படிந்துவிட்டது. நடிகர் லெனார்ட் நிமோய் இதற்கு இரண்டு பேரைக் குறிப்பிடுவார். ஒருவர் இயக்குநர் ஜோசப் சார்ஜன்ட். கப்பலே கலங்கி நிற்கும் ஒரு காட்சியில், நீ மட்டும் பதறாதே, விஞ்ஞானியாக வியந்து பார் என்றாராம். இன்னொருவர் பாடகர் ஹாரி பெலஃபான்டே. மேடையில் வெகுநேரம் அசையாமல் நின்று பாடிவிட்டு அவர் ஒரு கையை உயர்த்தியபோது அரங்கமே அதிர்ந்ததை நிமோய் கண்டார். அசைவைக் குறைத்தால் ஒரு புருவம் போதும் என்ற கணக்கு அவருக்கு அங்கே பிடிபட்டது.

செப்டம்பர் 29 அன்று வந்த ‘தி நேக்கட் டைம்’ பகுதியில் முதல் பெரிய உடைப்பு நிகழ்கிறது. தொற்றிக்கொண்டவரின் கட்டுப்பாட்டைக் கரைக்கும் நோய் ஒன்று கப்பலில் பரவுகிறது. ஜான் டி. எஃப். பிளாக் முதலில் எழுதிய வடிவில், அழுதபடி நடைவழியில் வரும் ஸ்பாக்கின் முகத்தில் ஒருவன் மீசை வரைந்துவிட்டுப் போவான், வெறும் கேலிக்காட்சி. நிமோய்க்கு அது ஒப்பவில்லை. அந்தரங்கத்தைக் காக்கும் மனிதன் அழுகை வந்தால் ஆளில்லாத அறையைத் தேடிப் போவான் என்று வாதாடினார். அதன்படியே எழுதப்பட்டது. கதவு மூடியதும் ஸ்பாக் உடைகிறார். நாற்காலியில் அமர்ந்து, தாம் ஓர் அதிகாரி என்று தமக்கே சொல்லிக்கொள்கிறார். இரண்டு, நான்கு, ஆறு என்று எண்களைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறார், எண்களும் கைவிடுகின்றன. இயக்குநர் மார்க் டேனியல்ஸ் இதை வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தார். தாயிடம் அன்பைச் சொல்ல முடியாமல் போனதே ஸ்பாக்கின் துயரம். அந்தப் பூமிப் பெண், உணர்ச்சி இழுக்காகக் கருதப்படும் வல்கன் என்ற ஸ்பாக்கின் தந்தையுடைய கிரகத்தில் வாழ்பவள். கப்பல் தலைவர் கிர்க்கின் மேல் நட்பு தோன்றும்போது தாம் வெட்கப்படுவதையும் சொல்லிவிடுகிறார்.

இங்கே சாக்கு நோய். ஆனால் நோய் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை, மூடியை மட்டும் திறந்தது. தொடரின் அடுத்த மூன்றாண்டுகளுக்கான முதலீடு இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இதற்கிடையே ஒரு விபத்தும் உதவியது. தயாரிப்பு நெருக்கடியில் ‘தி கேஜ்’ படச்சுருளை வீணாக்காமல், 1966 நவம்பரில் ‘தி மெனாஜரி’ என்ற இரண்டு பகுதிக் கதைக்குள் பொதித்தார்கள். கதைக்கணக்கில் அது பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம். இப்படியாக அந்தப் பழைய சிரிப்பு ஸ்பாக்கின் இளமைக்காலச் சிரிப்பாகிவிட்டது. சிக்கன நடவடிக்கை ஒன்று பாத்திரத்துக்கு ஒரு கடந்தகாலத்தை வாங்கிக் கொடுத்தது!

அடுத்த நகர்வு டி. சி. ஃபொன்டானாவுடையது. ராடன்பெரியின் செயலாளராக இருந்து கதைப் பொறுப்பாசிரியராக உயர்ந்தவர் அவர். ஜெர்ரி சோல் எழுதிய ஒரு காதல் கதை சுலு என்ற மற்றொரு கப்பல் அதிகாரிக்கென்று இருந்தது. அது ஸ்பாக்குக்கு நேர்ந்தால்தான் கதை என்று கண்டு ஃபொன்டானா மாற்றி எழுதினார். 1967 மார்ச் 2 அன்று ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ என்று அது வெளியானது. இம்முறை சாக்கு ஒரு செடி தூவும் வித்துத்தூள். ஸ்பாக் மரக்கிளையில் தொங்கிச் சிரிக்கிறார், லைலா என்ற பெண்ணைக் காதலிக்கிறார். தூளின் மயக்கம் தெளிந்தபின், வாழ்வில் முதன்முறையாக மகிழ்ந்திருந்ததாகக் கடைசியில் கிர்க்கிடம் அமைதியாகச் சொல்கிறார். சொல்லும்போது மயக்கம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாக்கு போனபின்னும் உணர்ச்சியின் நினைவை அவர் மறுக்கவில்லை.

தியோடர் ஸ்டர்ஜன் எழுதிய ‘அமோக் டைம்’ (1967 செப்டம்பர் 15) சாக்கை உடம்புக்குள்ளேயே வைத்தது: வல்கன்களுக்கு உரிய காலத்தில் எழும் இணைசேர் வெறி. யூத ஆலயத்தில் சிறுவயதில் கண்ட ஆசீர்வாத முத்திரையை நிமோய் வல்கன் வணக்கமாக்கியதும் இதில்தான். இறுதிக்காட்சியே முக்கியம். கிர்க்கைத் தம் கையாலேயே கொன்றுவிட்டதாக எண்ணிச் சிறைக்குத் தயாராகி வரும் ஸ்பாக், அவர் உயிரோடு நிற்பதைக் கண்டதும் பெயரைக் கூவி இரு தோள்களையும் பற்றி முகமெல்லாம் மலர்கிறார். வெறி அதற்கு முன்பே தணிந்துவிட்டது. இந்த மலர்ச்சிக்கு நோயுமில்லை, தூளுமில்லை. நல்ல தலைவரை இழக்காத நிம்மதி தர்க்கத்துக்கு உட்பட்டதே என்று பின்னர் ஒப்பேற்றுகிறார். கப்பலின் மருத்துவர் மெக்காய் நம்பவில்லை. இதுவரை உணர்ச்சிக்கு முன்னே வந்த சாக்கு, இங்கே பின்னால் ஓடிவருகிறது.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 17 அன்று, ஃபொன்டானாவின் ‘ஜர்னி டு பேபல்’ பெற்றோரையே கப்பலில் ஏற்றியது. தந்தை சாரெக்கும் மகனும் தந்தை மகனாகப் பேசிப் பதினெட்டு ஆண்டுகள். சாரெக் உயிர் பிழைக்க மகனின் இரத்தம் வேண்டும். கிர்க் காயமுற்றிருக்க, கப்பலின் பொறுப்பை விட்டுவர ஸ்பாக் மறுக்கிறார். தாய் அமாண்டா கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியேறுகிறாள். மூடிய கதவில் அவர் உள்ளங்கையை ஊன்றுகிறார். அவ்வளவுதான் நடிப்பு. ‘தி நேக்கட் டைம்’ கண்ணீரில் சொன்னதை இந்தக் கை வசனமில்லாமல் சொல்லிவிடுகிறது. இதற்குள் பார்வையாளருக்கும் அந்தப் பாஷை பழகிவிட்டது.

மூன்றாம் பருவம் பழைய பாதைக்கே திரும்பியது. 1969 மார்ச்சில் வந்த ‘ஆல் அவர் யெஸ்டர்டேஸ்’ காலப்பயணத்தைச் சாக்காக்கியது. அதில் புதிதாக ஏதுமில்லை. 1973இல் ஃபொன்டானா கார்ட்டூன் தொடருக்கு எழுதிய ‘யெஸ்டர்இயர்’தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதில் சிறுவன் ஸ்பாக் வல்கன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கிறான். அடக்கம் பிறவிக்குணம் அல்ல, எடுத்த முடிவு என்று ஆகிவிட்டபின் அதைத் திருத்திக்கொள்ளவும் வழி பிறக்கிறது.

1979இல் வந்த முதல் திரைப்படத்தில் அந்தத் திருத்தம் நடக்கிறது. எஞ்சிய உணர்ச்சிகளைத் துறக்கும் சடங்கைக் கடைசிக் கட்டத்தில் நிறைவேற்ற முடியாமல் வரும் ஸ்பாக், அறிவு மட்டுமே உள்ள வீஜர் என்ற மாபெரும் இயந்திரத்தோடு மனத்தால் தொடர்புகொண்டு அதன் வறுமையைக் காண்கிறார். மருத்துவ அறையில் கிர்க்கின் கையைப் பற்றிக்கொண்டு, இந்த எளிய உணர்வு அந்த இயந்திரத்துக்கு எட்டாதது என்கிறார். பின்னர், வீஜருக்காக அவர் கண்ணீர் விடும் காட்சி ஒன்றும் எடுக்கப்பட்டது. திரையரங்குப் பிரதியில் அதை வெட்டிவிட்டார்கள். 1983இல் தொலைக்காட்சியில் நீண்ட வடிவம் ஒளிபரப்பானபோதுதான் அது திரும்பி வந்தது. எந்தச் சாக்கும் இல்லாமல் ஸ்பாக் அழுவதை 1979இன் படத்தொகுப்பு மேசை ஏற்கவில்லை. 1966இல் நோயைக் காட்டியதும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.