‘ஸ்கூல்ல சமத்து, வீட்ல அழுகை’ ஏன்?

1/ ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் பலர் சொல்வது இது. நடிப்பா? ஆமா, ஆனா நடிப்பு நடக்கிறது ஸ்கூல்லதாங்க. கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ 1987. அமெரிக்காவில் உளவியலாளர் லோவாஸ், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தந்த ஆய்வை வெளியிட்டார். 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள். அதுதான் வெற்றி. ‘உள்ளுக்குள்ள எப்படி இருக்கு கண்ணு?’ என்பது அந்த அளவுகோலில் இல்லை.

3/ 2013. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, கற்றுக்கொண்ட உத்திகள் அறிகுறிகளை மறைக்கலாம் என்று எழுதியது. அந்த மறைப்புதான் ‘மாஸ்க்கிங்’.

4/ நாள் முழுக்க முகமூடி போட்டா களைப்பு வரும். அழுகை அந்தக் களைப்பா இருக்கலாம். வந்ததும் கேள்வி கேட்காம, கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. ‘வீட்ல நீ நீயா இரு’ன்னு சொல்லுங்க.