எங்க ஊரை 12.5 லட்சத்துக்கு வித்த கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன். அதனால இன்னைக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி, கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்குங்க.

ஊர்னா பொறையார். தரங்கம்பாடியை ஒட்டின ஊரு. எங்க அப்பாயி வீடு அங்கதான் இருக்கு. அப்பாயி போன பிறகு பூட்டியே கிடக்கு. "ஒரு பார்ட்டி கேக்குறாங்க, நீ போயி வீட்டைத் திறந்து காட்டிட்டு வா. உனக்கு சம்மதம்னா முடிச்சிடலாம்"னு அப்பா சொன்னார். எனக்கென்ன சம்மதம் வேண்டிக்கிடக்கு, வித்தா வித்துக்கட்டும்னுதான் கிளம்பினேன்.

துணைக்கு ஆபீஸ் நண்பன் ஒருத்தன் வந்தான். குண்டூர்க்காரன். டீம்ல அவனுக்கு 'மனவாடு'ன்னே பேரு. சென்னைக்கு வந்து நாலு வருஷத்துல தமிழை ஒரு வழி பண்ணி வச்சிருக்கான். "பீச் இருக்கா? மீன் கிடைக்குமா?" இந்த ரெண்டு கேள்விதான் கேட்டான். உடனே பையைத் தூக்கிட்டான்.

வீடு பாக்க வர்றவங்க சாயங்காலம்தான் வருவோம்னுட்டாங்க. சரின்னு காலையிலேயே அவனைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1792-ல கட்டின நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில நேரா நடந்தா கடலு. அதுக்கு முன்னாடி மஞ்சக் கலர்ல டேனிஷ் கோட்டை. சின்ன வயசுல அங்க நான் கண்ணாமூச்சி ஆடியிருக்கேன். "டேனிஷ்காரன் கட்டினது மாமா"ன்னு கைடு கணக்கா ஆரம்பிச்சேன். "இடம் யார் குடுத்தது?"ன்னான். "தஞ்சாவூர் நாயக்கர், பேரு ரகுநாதர்"னேன். பய அப்படியே நின்னுட்டான்.

"ரகுநாத நாயக்கரா? எங்க ஸ்கூல் தெலுகு புக்ல வருவாரு மாமா! பெரிய கவி. 'விஜயவிலாசம்' எழுதின சேமகூர வெங்கடகவி இவர் சபைலதான் இருந்தாரு!"

என் ஊரைக் குத்தகைக்கு விட்ட ராஜாவைப் பத்தி குண்டூர்க்காரன் எனக்குக் கிளாஸ் எடுக்குறான். எனக்கு அவரு அரசு போர்டுல இருக்குற ஒரு பேரு, அவ்வளவுதான். அசிங்கமாப் போச்சு. திரும்பி வந்ததும் உக்காந்து படிச்சேன். படிச்சதைச் சுருக்கமா சொல்றேன்.

1620-ல ஓவ கெட்டெங்கிற டேனிஷ் கடற்படைத் தலைவர் இங்க வந்து சேர்ந்தார். மிளகு வியாபாரத்துக்கு ஒரு துறைமுகம் வேணும்னு கேட்டார். ரகுநாத நாயக்கர் ஆண்டுக் குத்தகைக்கு இடம் குடுத்து, கோட்டை கட்டிக்க அனுமதியும் குடுத்தார். டென்மார்க் மன்னர் நாலாம் கிறிஸ்டியனுக்கு அவர் அனுப்பின கடிதம் தங்கத் தகட்டுல எழுதினது. வாசகம் தமிழ்ல, கையெழுத்து மட்டும் தெலுங்குல. அது இன்னைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே தகட்டுல கிடக்கு, நாங்க ரெண்டு பேரும் அந்தக் கோட்டை நிழல்ல உக்காந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம் :-)

ஊரு டேனிஷ்காரன் வந்ததுக்கு அப்புறம் உண்டானதும் இல்ல. கடற்கரையில இருக்குற மாசிலாமணிநாதர் கோயிலை 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியிருக்கார். கல்வெட்டுல ஊர்ப் பேரு சடங்கன்பாடி. கோயிலைப் பாதிக்கு மேல கடலு தின்னுடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர் இனிமேதான். வியாபாரம் படுத்து, 1650-ல டென்மார்க்ல கம்பெனியையே மூடிட்டாங்க. ஆனா இங்க கோட்டையில இருந்தவங்களைக் கூட்டிட்டுப் போக கப்பல் வரல. இருந்தவங்க ஒவ்வொருத்தரா போய்ச் சேர, 1655-ல எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கன்னு ஒரு சாதாரண ஆளு பொறுப்புக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்னு சொல்றாங்க. ஒரு கட்டத்துல மிஞ்சின ஒரே டேனிஷ்காரர் இவர்தான். மனுஷன் கோட்டையை விடல. ஊரைச் சுத்தி மதில் எழுப்பி, உள்ளூர் ஆளுங்களை வச்சே காப்பாத்தினார். 1669-ல கப்பல் வந்து பார்த்தா, கொடி அப்படியே பறக்குது!

அப்புறம் 1706-ல சீகன்பால்கு வந்தார். மணல்ல பசங்களோட உக்காந்து தமிழ் எழுதக் கத்துக்கிட்டார். ஜெர்மனியில இருந்து தமிழ் அச்செழுத்து வந்துச்சு, 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி முடிஞ்சது. காகிதம் பத்தாம எங்க பொறையார்லயே காகிதப் பட்டறை போட்டாங்க. கடுதாசிப்பட்டறைன்னு ஒரு இடம் இன்னமும் இருக்கு. அந்த வழியா ஆயிரம் தடவை சைக்கிள்ல போயிருக்கேன். ஏன் அந்தப் பேருன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

கடைசியில 1845-ல டென்மார்க்காரங்க தரங்கம்பாடியை வங்காளத்து செராம்பூரோட சேர்த்து இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டாங்க. விலை 12.5 லட்சம் ரூபாய். 1861-ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எங்க ஊரு அப்பத் தூங்கினதுதான்.

"ஊரை வித்தப்போ ஊர்க்காரங்களை யாராச்சும் கேட்டாங்களா?"ன்னான் மனவாடு. யாரு கேட்டிருப்பா? என்னை எங்கப்பா கேட்டாரே, அதுவே பெருசு.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட. சொந்தம் எதுவும் கிடையாது, பழக்கம்தான். திறந்து பார்த்தா வாசல்ல குப்பை இல்ல, கிணத்தடியில பாசி இல்ல, அப்பாயியோட முல்லைக்குத் தண்ணி ஊத்தியிருக்கு. "யாரு பெரியம்மா இதெல்லாம்?"னேன். "நாந்தான்யா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கும் ஏத்திடுவேன். பூட்டின வீடுன்னு இருட்டா விடலாமா?"

2004 சுனாமி அப்போ எனக்கு ஏழு வயசு. நாங்க சென்னையில இருந்தோம். ரெண்டு நாள் ஃபோன் கிடைக்கல. அப்பா சுவத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. மூணாம் நாள் எங்கேயோ போயி போன் பண்ணி, "உங்கம்மா நல்லா இருக்காங்க"ன்னு சொன்னது இதே பெரியம்மாதான். அவங்க சம்பந்தி வீட்டுல அப்போ ரெண்டு பேரைக் கடல் கொண்டு போயிருந்துச்சு. அது எனக்கு இந்தத் தடவைதான் தெரியும். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

சாயங்காலம் வந்தவங்க வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "மனைதான் வேணும், வீட்டை இடிச்சிடுவோம்"னாங்க. பெரியம்மா காபித் தட்டோட நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லல.

திரும்பும்போது மயிலாடுதுறைக்குப் பஸ். இந்த ரூட்ல 1926-ல இருந்து 1986 வரைக்கும் ரயில் ஓடியிருக்கு. தில்லையாடி, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில்னு அந்த ஸ்டேஷன் ஊர்களெல்லாம் இப்போ பஸ் ஸ்டாப்பா வருது. அப்பா காலேஜுக்கு அந்த ரயில்லதான் போனாராம். நான் பிறக்குறதுக்கு முன்னாடியே தண்டவாளத்தைப் பிரிச்சாச்சு. தில்லையாடி வந்தப்போ வள்ளியம்மையைப் பத்திச் சொன்னேன். 1898-ல ஜோகன்னஸ்பர்க்ல பிறந்த பொண்ணு, காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி 1914-ல பதினாறு வயசுல செத்துப் போச்சு. பேருக்கு முன்னாடி மட்டும் இன்னமும் தில்லையாடி நிக்குது.

ஆக்கூர் தாண்டினதும் அப்பாவுக்கு போன் போட்டேன். "இப்போதைக்கு விக்க வேணாம்ப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டார்: "சரி. மாசம் ஒரு தடவை நீ வந்து பார்த்துப்பியா? அந்தம்மாவுக்கும் எழுபது தாண்டிடுச்சுடா."

"பார்த்துக்குறேன்"னு டக்குனு வாய் வரல. "வந்து பேசுறேன்ப்பா"ன்னு வச்சிட்டேன். காங்ஸ்பாக்கக் கதையை எழுதுறது ஈஸி. காங்ஸ்பாக்கவா இருக்கறதுதான் கஷ்டம்.

பக்கத்து சீட்ல மனவாடு தூங்கிட்டான். மடியில பெரியம்மா குடுத்த கருவாட்டுப் பொட்டலம். மயிலாடுதுறை வரைக்கும் பஸ்ஸே மணந்துச்சு.

டிஸ்கி: வர்ற மாசம் முதல் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. அதுக்கு அடுத்த மாசத்தைப் பத்தி இப்போ கேக்காதீங்க.