சுகர் ஃப்ரீ லட்டும் சின்ன எழுத்தும்

திருவனந்தபுரத்துக்காரர்கள் ஓணசத்யாவில் போளியின் மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு விநோதமாக இருந்தது. இப்போது அது இல்லாமல் ஓணமே இல்லை!

ஒரு ஓணத்துக்கு ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர். மற்றவர்கள் சாப்பிட, அவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாமே என்று 'சுகர் ஃப்ரீ' லட்டு ஒரு டப்பா வாங்கி வைத்தேன். சர்க்கரைதான் இல்லையே என்று மனிதர் ஒரே நாளில் முக்கால் டப்பாவைக் காலி செய்துவிட்டார். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. காலையில் சுகரும் ஏறியிருந்தது. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "லேபிள் வாயிச்சோ சாரே?"

கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தைப் படியுங்கள் என்று தினமும் வாடிக்கையாளரிடம் மன்றாடுகிற ஆள் நான். படிக்கவில்லை. லட்டில் இருந்தது மால்டிடால்.

இந்த வகைக்குச் 'சர்க்கரை ஆல்கஹால்' என்று பெயர். போதை கிடையாது, வேதியியல் அமைப்பால் வந்த பெயர். வரலாறு பழையது. 1806இல் பிரெஞ்சுக்காரர் ப்ரூஸ்ட், 'மன்னா' என்ற இனிப்பான மரப்பாலிலிருந்து மானிடாலைப் பிரித்தார். 1872இல் பூசிங்கோ ஒரு காட்டுப்பழத்தில் சார்பிடாலைக் கண்டார். 1891இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷர் சைலிடாலைத் தயாரித்தார். 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் சர்க்கரைக்குப் பதில் சைலிடால் கொடுத்துப் பார்த்தார்கள். பல் சொத்தை வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் சூயிங்கம்மில் அது பிரபலமானது.

கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. சார்பிடாலில் 2.6, சைலிடாலில் 2.4, மால்டிடாலில் 2.1, எரித்ரிடாலில் வெறும் 0.2. ஆக, மால்டிடாலில் கிடைப்பது பாதித் தள்ளுபடிதான், முழுத் தள்ளுபடி அல்ல. ரத்தச் சர்க்கரையை அதுவும் ஓரளவு ஏற்றும். கூடவே லட்டின் கடலை மாவு வேறு! சிறுகுடல் முழுதாக உறிஞ்சாமல் விட்டது பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், நொதித்து வாயுவாகும். அப்பாவின் ராத்திரிக்குக் காரணம் அதுதான். எரித்ரிடால் வயிற்றுக்குச் சாது. ஆனால் ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. அதுவே காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பாலியால் மலத்தை இளக்கக்கூடும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நம் ஊர் சட்டப்படி போட வேண்டிய வரிதான்.

இப்போதெல்லாம் ஓணத்தன்று அப்பாவுக்கு அரைப் போளி, ஒரு கரண்டி பாயசம். அன்றைக்குச் சோறு குறைவு. டாக்டரிடம் கேட்டுத்தான். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு 'சுகர் ஃப்ரீ' டப்பா அனுப்புகிறவர்களே, அனுப்புமுன் ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.